தேய்க்கக் கூடாத டேங்க்

செபஸ்தியான் மாமாவுக்கு லாரிக்குப் பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. அந்த வேலைதான் அவருடைய நுரையீரலைக் கெடுத்துவிட்டது என்று போன மழைக்காலத்தில் சேலத்தில் ஒரு டாக்டர் சொன்னார்.

"இனிமே ஸ்ப்ரே கன்னைத் தொடாதீங்க. தொட்டுத்தான் ஆகணும்னா மூடுன ரூம் வேணும். புகைய வெளிய இழுக்கற ஃபேன் வேணும். குழாயில நல்ல காத்து வர்ற மாஸ்க் போட்டுக்கணும். அப்படி ஒரு எடம் இருந்தா அடிங்க. இல்லன்னா உட்டுருங்க."

நாமக்கல் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சாலை முழுக்க லாரி பாடி கட்டும் பட்டறைகள்தான். மாமா வேலை செய்த பட்டறையில் மூடிய அறை கிடையாது. மேலே தகரம், மூன்று பக்கமும் திறப்பு. மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு கைக்குட்டை. காலையில் பச்சை அடித்தால் மத்தியானம் அவர் துப்புவது பச்சையாக இருக்கும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார்.

மாமா சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரர். இளவட்டமாக இருக்கும்போதே இங்கே பட்டறைக்கு வந்துவிட்டார். அந்தோணிமேரி அத்தையைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியேறினார். பிள்ளைகள் இல்லை. என் அப்பா கண்ணுசாமியும் அதே பட்டறைதான். அவர்கள் இரண்டு பேரும் ஒரு ஜோடி. மாமா பெயின்ட் அடிப்பார், அப்பா தேய்ப்பார்.

தேய்ப்பது என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. பெயின்ட் காய்ந்த பிறகு அதில் தூசி ஒட்டியிருக்கும். எங்காவது வழிந்திருக்கும். ஈரக் காற்று அடித்த நாளில் மேலே வெள்ளையாக மங்கிப் போகும். அதற்குப் பனி பிடித்துவிட்டது என்பார்கள். அப்பா வாட்டர் பேப்பர் என்கிற சன்னமான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து அந்தக் குறைகளை எல்லாம் தேய்த்து எடுப்பார். பிறகு கம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசை போட்டுத் துணியால் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். லாரியை எடுக்க வருகிற ஓனர் கேபின் கதவின் முன்னால் நின்று, அதில் தன் முகத்தைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொள்வார். அது தெளிவாகத் தெரிந்தால்தான் வண்டி பட்டறையை விட்டு வெளியே போகும். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். மாமாவுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்த பிறகு அவர் அடிக்கிற பெயின்ட்டில் வழிசல் அதிகமாகிவிட்டது. அப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாவற்றையும் தேய்த்துச் சரி செய்து வந்தார்.

டாக்டர் சொன்னதை மாமா யாரிடமும் சொல்லவில்லை. அத்தைக்கு மட்டும் தெரியும். வழக்கம்போலப் பட்டறைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

அப்போதுதான் சரவணக்குமார் வந்தார். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம். இவர் மட்டும் கோயம்புத்தூரில் பழைய பைக்குகளை வாங்கிப் பிரித்து, கேட்கிறவர் விருப்பத்துக்கு ஏற்றபடி புதிதாகக் கட்டிக் கொடுக்கிறார். தன் சித்தப்பாவின் வண்டியைப் பார்க்கப் பட்டறைக்கு வந்தவர், மாமா கேபினுக்குப் பெயின்ட் அடிப்பதை வெகுநேரம் நின்று பார்த்தார். மாமாவின் கை அப்படி. மூச்சு நன்றாக இருக்கும் நேரத்தில் அவர் கன்னைப் பிடித்து நகர்த்தினால், கோடு போட்டு வைத்து நகர்த்துவது போல இருக்கும்.

"அண்ணா, எங்கிட்ட பெயின்ட் ரூம் இருக்குதுங்க. அடிக்கற ஆளு வெளிநாடு போயிட்டான். மூடுன ரூமு, ஃபேனு, காத்து மாஸ்க்கு எல்லாம் வெச்சிருக்கேன். ஒரு பைக்குக்கு டேங்க், மட்காடு குடுத்து உடறேன். சாட்டின் ஃபினிஷ் வேணும். நீங்க நெனைக்கற மாதிரி பளபளன்னு இருக்கக் கூடாது. அது நல்லா வந்தா நீங்க கோயமுத்தூர் வந்துருங்க."

மூடிய அறை, ஃபேன், மாஸ்க். டாக்டர் சொன்ன அதே மூன்றும். மாமா அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அத்தையிடம் அதைச் சொல்லும்போது அழுதுவிட்டார் என்று அத்தை பிற்பாடு சொன்னாள்.

"அப்ப கண்ணு அண்ணன்கிட்ட சொல்லீருங்க" என்றாளாம் அத்தை.

"எப்படி மேரி சொல்றது? நான் போயிட்டா அவன் யாருக்குத் தேய்ப்பான்? மொதல்ல வேல அமையட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

அதனால், யாரோ ஒருவருடைய பைக்குக்குப் பெயின்ட் அடித்துக் கொடுக்கிறேன் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னார்.

சாட்டின் ஃபினிஷ் என்பது பளபளப்பும் இல்லை, ஒரேயடியாக மங்கலும் இல்லை. மரத்திலிருந்து பறித்த மாங்காயின் தோலைப் பார்த்தால் தெரியும். வெளிச்சம் அதன் மேல் விழும், ஆனால் முகம் தெரியாது. அந்த மாதிரி. நிறம் அடித்த பிறகு மேலே அடிக்கிற நிறமில்லாத கிளியரில் மங்கலாக்கும் பொடி ஒன்று கலந்திருக்கும். அடிக்கும்போது ஈரத்தில் எல்லாக் கிளியரையும் போலவே பளபளக்கும். காயக் காயத்தான் மங்கி, அந்தத் தோல் வரும். ஆனால் அதைத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் அந்த இடம் பளபளத்துவிடும், மறுபடி மங்காது. தூசி விழுந்தாலும், வழிந்தாலும் அப்படியே கிடக்க வேண்டியதுதான். அல்லது இரும்பு தெரியும் வரை எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மாமா வீட்டுக்குப் பின்னால் சோளத்தட்டு போட்டு வைக்கும் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதைக் காலி செய்து, பட்டறையில் கழித்துப் போட்ட கதவுத் தகடுகளில் அடித்துப் பழகினார். ஒன்று பளபளத்துவிட்டது. ஒன்று பொடி சரியாகக் கலக்காமல் திட்டுத் திட்டாக மேகம் மாதிரி வந்தது. ஒன்று மிக நன்றாக வந்தது, ஆனால் நடுவில் ஒரு சின்னக் கோழி இறகு. எங்கள் ஊரில் சுற்றிலும் கோழிப் பண்ணைகள். காற்றில் எப்போதும் பூ இறகும் தீவன ஆலைத் தூசியும் இருக்கும்.

"நல்லா இருக்குதுங்க. கோழி மார்க்குன்னு பேர் வெச்சு வித்துரலாம்" என்றாள் அத்தை.

"நீ சும்மா இரு புள்ள. நானே வெந்து போயி நிக்கறேன்."

"வேகறவரு தண்ணியக் குடிங்க. மூச்சு இழுக்குது பாருங்க."

ஒவ்வொரு தடவை அடித்த பிறகும் அவர் வெளியே வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார். எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் இருந்து அது தெரியும். எல்லாரும் பழைய இருமல் என்றே நினைத்திருந்தோம்.

தீவன ஆலைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்றைக்குத்தான் காற்றில் தூசி குறைவு. அதனால் டேங்குக்கு அடிக்கக் குறித்த ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அத்தையும் கோயிலுக்குப் போகவில்லை. கல்யாணமான நாளில் இருந்து அத்தை பூசைக்குப் போகாத முதல் ஞாயிறு அதுதான். கொட்டகைத் தரையில் தண்ணீர் தெளித்தாள். தன் பழைய சேலைகளை எல்லாம் நனைத்துத் திறப்புகளில் கட்டித் தொங்கவிட்டாள். தூசி வந்தால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். மாமா கிளியரைக் கலக்கு கலக்கென்று கலக்கி, வடிகட்டி, ஏற்கெனவே நிறம் அடித்து வைத்திருந்த டேங்குக்கும் மட்காடுக்கும் அடித்தார். இருமல் வரும் என்று தெரிந்தால் கன்னை விலக்கிக்கொண்டு, மூச்சு அடங்கிய பிறகு அடுத்த வரிசையை ஆரம்பித்தாராம்.

அவர் அடித்து முடித்த நேரத்தில் அப்பா அந்தப் பக்கம் போனார். ஒரு விசேஷத்துக்குக் கிளம்பியிருந்தவர் சேலையை விலக்கி எட்டிப் பார்த்தார். டேங்க் ஈரமாகப் பளபளவென்று இருந்தது.

"அடேங்கப்பா! மாப்ள, எனக்கு வேலையே இல்லாமப் பண்ணிப்போட்ட போ!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் அது மங்க ஆரம்பித்தது. விளிம்பில் இருந்து மெதுவாக உள்ளே வந்ததாம். பளபளப்பு சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு கையளவு நின்று, பிறகு அதுவும் போய், டேங்க் முழுக்க ஒரே மாதிரியான கரும்பச்சைத் தோல். ஒரு தூசி இல்லை. ஒரு திட்டு இல்லை. அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். மாமா ஒரு செங்கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு, இருமிக்கொண்டே சிரித்தாராம்.

இரவு முழுக்க அவருக்கு மூச்சு இழுத்தது. திங்கட்கிழமை விடிந்ததும் அத்தை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். அப்பாதான் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

"அண்ணா, அந்தப் பைக்குக்காரரு இன்னைக்குச் சாயங்காலம் வர்றாருங்க. கொட்டாயி பக்கம் ஆடு, கோழி எதுவும் போகாமப் பாத்துக்குங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். வேறு எதையும் சொல்ல அவளுக்கு அப்போது நேரமில்லை.

அப்பா பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, கொட்டகையைத் திறந்து பார்த்தார். முந்தின நாள் பளபளவென்று பார்த்த டேங்க் மங்கிக் கிடந்தது. வாழ்நாள் முழுக்க லாரி தேய்த்தவருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். பனி பிடித்துவிட்டது. மூச்சைக் கையில் பிடித்துக்கொண்டு அடித்தவனுடைய வேலை வீணாகப் போய்விட்டது. சாயங்காலம் ஆள் வந்தால் இவன் ஆஸ்பத்திரியில் இருந்து வந்து அவமானப்பட்டு நிற்பான். அப்பாவின் மனசு அப்படித்தான் போயிருக்கும். அவர் ஓடிப்போய்ப் பட்டறையில் இருந்து வாட்டர் பேப்பரும் கம்பவுண்டும் கொண்டுவந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு வரவில்லை.

கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது ஆட்டோவும் வந்து நின்றது. ஆஸ்பத்திரியில் ஆவி பிடிக்க வைத்து, ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள். மாமா அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அப்பா கொட்டகை வாசலில் வியர்த்து வழிய நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"வா மாப்ள, வந்து உன்ற மூஞ்சியப் பாரு. பனி புடிச்சு வெள்ளக் கோழியாட்டங் கெடந்துச்சு. ஒனக்கு நேரஞ் செரியில்லைன்னாலும் ஒன்ற கூட்டாளிக்கு நேரம் நல்லா இருக்குதப்பா. மட்காடு ரண்டும் பாக்கி. ஒரு டீயக் குடிச்சுப்போட்டு அதையும் முடிச்சுப் போடறேன்."

டேங்க் கண்ணாடி மாதிரி மின்னியது. அப்பாவின் கைக்கு அது பெரிய வேலையே இல்லை.

அத்தை "ஐயோ" என்றாள். மாமா அவள் கையை அழுத்திப் பிடித்தார். கொஞ்ச நேரம் டேங்கின் முன்னால் நின்று பார்த்தார்.

"நல்லா இருக்குது கண்ணு" என்றார். "மட்காடு அப்படியே இருக்கட்டும். நீ போயிச் சாப்புடு."

அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் மாமாவுக்கு உடம்பு மோசமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தோம்.

சாயங்காலம் சரவணக்குமார் காரில் வந்தார். முதலில் மட்காடை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். விரலால் தடவினார். முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணா, இதுதானுங்க! பெங்களூருல கூட இப்படி வராதுங்க." பிறகு டேங்கைப் பார்த்தார். "இது என்னங்க? இது ஏன் இப்படி இருக்குது?"

மாமா வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் வந்தார். "அதுங்களா? பனி புடிச்சிருந்துச்சுங்க. அவனுக்கு முடியலைன்னு நாந்தானுங்க தேச்சு எடுத்தேன்."

"தேச்சீங்களா? ஏனுங்க, இதத் தேய்க்கக் கூடாதுங்களே! மங்கலா இருக்கணும்னுதானுங்க இத்தன பாடு. இத வெச்சுத்தானுங்க அண்ணனக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருந்தேன். நீங்க கூட்டாளின்னாரு, உங்களுக்குச் சொல்லலீங்களா?"

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைதான் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொன்னதையும் சேர்த்து, அழாமல், ஒரே மூச்சில் சொன்னாள்.

சரவணக்குமார் கெட்டவர் இல்லை. மட்காடை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு, "மட்காடப் பாத்தாலே உங்க கை தெரியுதுங்க. ஆனா பைக் கண்காட்சிக்குப் போகணும். நாளைக்கே பஸ்ஸுல கிளியர் குடுத்து உடறேன். வர்ற ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் இருக்குது. டேங்க் மட்டும் மறுபடி அடிச்சுக் குடுங்க. அப்படி வரலைன்னா நான் பெங்களூரு ஆளத்தானுங்க எடுத்தாகணும். கோவிச்சுக்காதீங்க" என்றார்.

கார் போன பிறகும் அப்பா அங்கேயே நின்றார்.

"போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலையாடா?"

"நான் போனா நீ தனி ஆளாயிருவியேன்னு நெனச்சுத்தான் சொல்லல கண்ணு."

"சொல்லாம இருந்து இப்ப என்ற கையாலயே கெடுக்க வெச்சுட்டியே."

அந்த வாரம் அப்பா தினமும் வேலை முடிந்து வந்து அந்த டேங்கைச் சுரண்டினார். தான் பளபளக்க வைத்ததைத் தானே இரும்பு வரைக்கும் எடுத்தார். மாமா பிரைமரும் நிறமும் அடிக்கும்போது வெளியே நின்று கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டார். இரண்டு பேரும் வேலைக்கு வேண்டிய வார்த்தைகளைத் தவிர வேறு பேசவில்லை. ஒவ்வொரு நாளும் மாமாவின் குரல் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

சனிக்கிழமை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கெஞ்சினாள். "அண்ணா, நீங்களாவது சொல்லுங்க. இன்னொரு தடவ அந்தப் புகைக்குள்ள போனா அவரு எனக்கு இல்ல."

அப்பா போய்ச் சொன்னார். மாமா கேட்கவில்லை. "நல்ல காத்து இருக்கற எடத்துக்குப் போகணும்னா, இந்தக் காத்துல இன்னொரு தடவ அடிச்சுத்தான் ஆகணும். வேற வழி இருந்தா நீயே சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஈரச் சேலைகள் தொங்கின. இந்தத் தடவை அப்பா எங்கிருந்தோ ஒரு நல்ல முகமூடி வாங்கி வந்திருந்தார். ஆனால் அது டாக்டர் சொன்ன மாதிரி இல்லை, அதில் குழாய் கிடையாது. அதைப் போட்டதும் மாமாவுக்கு மூச்சு முட்டியது. கழற்றிவிட்டுக் கைக்குட்டையையே கட்டிக்கொண்டார். அப்பா உள்ளே ஓர் ஓரமாக நின்றார். நானும் அத்தையும் வெளியே சேலை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் பூச்சு நன்றாக வந்தது. அவர் வெளியே வந்து வெகுநேரம் குனிந்து நின்றார். இரண்டாவது பூச்சில் ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனார். கன் பாதி வழியில் இருக்கும்போது இருமல் வந்தது. அவர் கையை விலக்கத்தான் பார்த்தார். விரல் கன்னின் விசையை விடவில்லை. டேங்கின் தோளில் ஒரே இடத்தில் கிளியர் குவிந்து, மெதுவாக ஒரு சொட்டாக வழிந்து, விரல் நீளத்துக்கு இறங்கி நின்றது.

அப்பாவின் கை தானாகத் தண்ணீர் வாளிக்குப் போனது. அதில் வாட்டர் பேப்பர் ஊறிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் அவர்தான் அதைக் கொண்டுவந்து வைத்திருந்தார் போலிருக்கிறது. பேப்பரைத் தொட்டவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். லாரியாக இருந்தால் அது அவருக்குச் சின்ன வேலை. மாமா அவரைப் பார்த்தார். அவர் மாமாவைப் பார்த்தார்.

"போதும் மாப்ள. கன்னைக் குடு" என்றார் அப்பா. மாமா கொடுத்துவிட்டார். எல்லாம் மங்கிக் காய்ந்த பிறகு அந்த வழிசல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் கார் வந்தது. சரவணக்குமார் அந்த வழிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மாமாவே டேங்கையும் மட்காடையும் போர்வையில் சுற்றிப் பின் சீட்டில் வைத்தார். சரவணக்குமார் கிளம்பும்போது, "ஒடம்பப் பாத்துக்குங்கண்ணா" என்றார். கோயம்புத்தூரில் அந்த அறையில் இப்போது பெங்களூரில் இருந்து வந்த ஒரு பையன் வேலை செய்கிறானாம்.

அதன் பிறகு மாமா கன்னை எடுக்கவில்லை. எடுக்க முடியாது. அத்தை ஒரு முட்டைக் குடோனில் அட்டை அடுக்கப் போகிறாள். பட்டறைக்கு வேறு பெயின்டர் வந்துவிட்டார், அப்பா அவருக்குத் தேய்க்கிறார். காலையில் மாமா பட்டறைக்கு எதிரே இருக்கும் டீக்கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இடைவேளையில் அப்பா ரோட்டைத் தாண்டிப் போய் அவர் பக்கத்தில் உட்காருவார். பட்டறைப் பக்கம் இருந்து பெயின்ட் வாடையோடு காற்று திரும்பி வீச ஆரம்பித்தால் மாமா பாதி டீயை வைத்துவிட்டு, எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்.